32 முதலாளிகளின் பொதுவுடைமை

ஐபிஎல் ஏலம் நடக்கும் நாள்களில் நம் பக்கங்களில் ஒரே விவாதம் திரும்பத் திரும்ப எழுகிறது. மனிதர்களை ஏலம் விடுவது அறமா, ஒருவருக்கு இவ்வளவு பணம் தகுமா, விளையாட்டு முழுக்கச் சந்தையாகிவிட்டதா என்பவை அதில் வழக்கமாக வரும் கேள்விகள். 'ஃபிரான்சைஸ்', 'சம்பள வரம்பு', 'மைய வருவாய்ப் பகிர்வு' என்று அந்த விவாதத்தில் புழங்கும் சொற்கள் கிரிக்கெட்டில் பிறந்தவை அல்ல. அவை அமெரிக்கத் தொழில்முறை லீகுகளிலிருந்து வந்து சேர்ந்தவை. அந்த லீகுகளுள் ஆகப் பெரியது என்.எஃப்.எல். எனப்படும் தேசியக் கால்பந்து லீக். உலகில் வேறெந்த விளையாட்டு லீகும் அந்த அளவுக்கு வருவாய் ஈட்டுவதில்லை. அப்படியானால் அதுதான் முழுக்கச் சந்தையாகிவிட்ட விளையாட்டா என்றால், இல்லை என்பதே என் விடை. அதன் உரிமையாளர்கள் தமக்கிடையே சந்தையை ஏறத்தாழ ஒழித்துவிட்டார்கள். அந்த ஒழிப்புக்கான செலவு யாரிடமிருந்து வசூலிக்கப்பட்டது என்பதைப் பற்றியே இந்த நீண்ட பதிவு.

விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். பெயரில் கால் இருந்தாலும் பந்தைக் கையால்தான் எறிகிறார்கள், கையில் ஏந்தித்தான் ஓடுகிறார்கள். களத்தின் நீளம் 100 கெஜம்; பக்கத்துக்கு 11 பேர். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்தால் 6 புள்ளிகள். நிலத்தைச் சிறிது சிறிதாகப் பிடிக்கும் ஆட்டம். கபடி பார்த்துப் பழகிய கண்ணுக்கு அவ்வளவு அந்நியமாகத் தோன்றாது. கடிகாரப்படி 60 நிமிடம், ஒளிபரப்பில் மூன்று மணி நேரம். பந்து உண்மையில் ஆட்டத்தில் இருக்கும் நேரம் சுமார் 11 நிமிடம்தான் என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். எஞ்சியது திட்டமிடலுக்கும் விளம்பரத்துக்கும். ஒன்றை மட்டும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் கணத்தில் இரு அணிகளின் முன்வரிசையினரும் சில அங்குல இடைவெளியிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் பாய்கிறார்கள். பந்து எந்தத் திசையில் போனாலும் அந்த மோதல் நிகழ்ந்தே தீரும். அது விபத்து அன்று. ஆட்டத்தின் கட்டமைப்பே அதுதான்.

லீகில் 32 அணிகள். பதினாறு பதினாறாக இரு பிரிவுகள், ஒவ்வொன்றுக்குள்ளும் நான்கு அணிகள் கொண்ட நான்கு உட்பிரிவுகள். செப்டம்பரில் தொடங்கி ஒவ்வொரு அணியும் 17 ஆட்டங்கள் ஆடும்; 14 அணிகள் அடுத்த கட்டத்துக்குச் செல்லும்; பிப்ரவரியில் சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டம். நம் கல்லூரி விடுதிகளில் கால்பந்து பார்ப்பவர்களுக்கு விந்தையாகத் தோன்றக்கூடியது, இங்கே தரமிறக்கம் என்பதே கிடையாது. இங்கிலாந்தில் கடைசி மூன்று இடங்களைப் பிடிக்கும் அணிகள் கீழ்நிலை லீகுக்குத் தள்ளப்படும், வருவாய் சரியும், சில சங்கங்கள் திவாலாகும் நிலைக்கே போகும். என்.எஃப்.எல்.லில் கடைசி இடம் பிடித்த அணிக்கு அடுத்த ஆண்டின் மிகச் சிறந்த இளம் ஆட்டக்காரர் பரிசாகக் கிடைப்பார். தோல்வி இங்கே ஈடு செய்யப்படுகிறது.

இந்த ஏற்பாடு தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1920-ல் ஒஹாயோ மாநிலத்தின் கான்டன் நகரில், ரால்ஃப் ஹே என்பவரின் கார் விற்பனைக் கூடத்தில் கூடிய சிலர் இந்த லீகைத் தொடங்கினார்கள். இப்போதைய பெயர் 1922-ல் வந்தது. தொடக்ககால அணிகள் பெரும்பாலும் சிறு தொழில் நகரங்களைச் சேர்ந்தவை: டேட்டன், ராக் ஐலண்ட், மன்சி, கான்டன். ஒன்றன்பின் ஒன்றாக அவை மறைந்துபோயின. முதலாண்டு ஆடிய அணிகளில் இன்று எஞ்சியிருப்பவை இரண்டே. ஆட்டக்காரர்கள் பணமுள்ள பெருநகரங்களுக்குப் போனார்கள், பார்வையாளர்களும் வெற்றி பெறும் அணிகளின் பின்னால் போனார்கள். சந்தை தன் வேலையைச் செய்தது.

அந்தச் சிறு நகர வரிசையில் தப்பிப் பிழைத்தது ஒன்றுதான்: விஸ்கான்சின் மாநிலத்தின் கிரீன் பே. மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். அங்குள்ள அரங்கில் 80,000 பேருக்கு மேல் அமரலாம். பேக்கர்ஸ் என்ற அந்த அணிக்குத் தனி முதலாளி இல்லை. 1923 முதல் அது பொதுமக்கள் பங்கு வைத்திருக்கும், லாப நோக்கற்ற நிறுவனம். இன்று பங்குதாரர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல்; ஆதாயப் பங்கு ஒரு காசும் கிடையாது, பங்கை லாபத்துக்கு விற்கவும் முடியாது. இப்படியொரு உடைமை முறையை லீகின் விதிகள் இப்போது வேறெந்த அணிக்கும் அனுமதிப்பதில்லை. பத்து லட்சக் கணக்கில் மக்கள் வாழும் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் எதிராக இந்தச் சிற்றூர் 13 முறை லீக் பட்டம் வென்றிருக்கிறது. எப்படி என்ற கேள்விக்குக் கிரீன் பேயின் ஊர்ப்பற்று பாதி விடைதான். மீதி விடை இரண்டு மனிதர்களின் யோசனைகளில் இருக்கிறது.

முதலாமவர் பெர்ட் பெல். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர். அவருடைய அணி தோற்றுக்கொண்டே இருந்தது, பணமும் போய்க்கொண்டே இருந்தது. கல்லூரியிலிருந்து வெளிவரும் நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாரும் நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் போய்விடுவதைக் கண்டு 1935-ல் அவர் ஒரு திட்டம் முன்வைத்தார். அணிகள் வரிசையாகப் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும். கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு, முதல் அணிக்குக் கடைசி வாய்ப்பு. ஓர் அணி தேர்ந்தெடுத்தவரோடு வேறு அணி பேசக்கூடாது. வலுவான அணிகளின் உரிமையாளர்களும் இதற்கு உடன்பட்டார்கள் என்பதே வியப்பு. 1936-ல் முதல் தேர்வு நடந்தது. அதில் முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், கேட்ட சம்பளம் கிடைக்காததால் லீகில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். இந்த முறைக்கு வைக்கப்பட்ட பெயர் 'டிராஃப்ட்'. அமெரிக்க ஆங்கிலத்தில் கட்டாயப் படைச்சேர்ப்புக்கும் அதே சொல்தான். பெயர் வைத்தவர்கள் உவமையாக நினைத்து வைத்தார்களா என்று நான் ஆராயவில்லை. ஆனால் பொருத்தமான சொல். அதுவரை ஒரு பட்டதாரிக்காகப் பல முதலாளிகள் போட்டியிட்டார்கள். அதற்குப் பின் ஒருவரே. பெர்வாங்கரைப் போல விளையாட்டையே விட்டுவிடுவதுதான் அவருக்கு எஞ்சிய பேரம்.

இரண்டாமவர் பீட் ரோசெல். 1960-ல் தமது 33-ஆம் வயதில் லீகின் ஆணையரானார். அப்போது ஒவ்வோர் அணியும் தனித்தனியாகத் தொலைக்காட்சி ஒப்பந்தம் செய்துகொண்டிருந்தது. நியூயார்க்கின் ஒளிபரப்பு உரிமைக்குக் கிடைத்த விலை கிரீன் பேக்குக் கிடைக்க வழியில்லை. எல்லா அணிகளின் உரிமையையும் ஒன்றாக விற்று, வருவாயைச் சமமாகப் பங்கிடலாம் என்றார் ரோசெல். மிக அதிகமாக இழக்கவிருந்த நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் மாரா குடும்பத்தினர் ஒப்புக்கொண்டார்கள். போட்டி நிறுவனங்கள் கூடி விலை நிர்ணயிப்பது ஏகபோகத் தடைச் சட்டத்துக்கு விரோதம் என்று நீதிமன்றம் அந்த ஒப்பந்தத்தைத் தடுத்தது. சில வாரங்களில், 1961 செப்டம்பரில், அமெரிக்கக் காங்கிரஸ் விதிவிலக்குச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது, கென்னடி கையெழுத்திட்டார். இன்றைய ஒளிபரப்பு ஒப்பந்தங்கள் 2023 முதல் 11 ஆண்டுகளுக்கு 11,000 கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ளவை. பேக்கர்ஸ் பொது நிறுவனம் என்பதால் தன் கணக்கை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. லீகின் பொது வருவாயிலிருந்து ஒவ்வோர் அணிக்கும் ஆண்டுக்கு 40 கோடி டாலருக்கு மேல் கிடைப்பதை நாம் அதன் வழியாகவே அறிகிறோம். பட்டம் வென்ற அணிக்கும் அதே தொகை, எல்லா ஆட்டங்களிலும் தோற்ற அணிக்கும் அதே தொகை.

இதை நான் எள்ளலாகச் சொல்லவில்லை. ஒரு லட்சம் பேர் வாழும் ஊர் ஒரு மாநகரத்தோடு சம நிலையில் நின்று ஆட முடிகிறது என்பது அழகான காரியம். ஐரோப்பியக் கால்பந்தில் ஆண்டுதோறும் அதே சில சங்கங்களே கோப்பையைப் பகிர்ந்துகொள்வதைப் பார்க்கையில் அந்த அழகு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. என்.எஃப்.எல்.லிலும் ஓர் அணி பல ஆண்டுகள் மேலோங்குவதுண்டு. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் ஆறு பட்டங்கள் வென்றது. ஆனால் அந்த ஆதிக்கத்தைப் பணத்தால் வாங்க முடிவதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வென்றாலும் தோற்றாலும் ஒரே வருவாய் என்றால், நல்ல ஆட்டக்காரருக்குக் கூடுதல் சம்பளம் கொடுக்க முதலாளிக்கு என்ன தேவை? கிரீன் பேயைக் காப்பாற்றிய அதே சமன்பாடு ஆட்டக்காரரின் பேர வலிமையைக் கரைக்கிறது. இதைச் சொல்வதற்குப் பொருளியல் பட்டம் தேவையில்லை. ஜான் மேக்கியின் வாழ்க்கையைப் பார்த்தால் போதும்.

மேக்கி 1941-ல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பினத்தவர். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஆடி, 1963 டிராஃப்ட்டில் பால்டிமோர் கோல்ட்ஸ் அணிக்குப் போனார். அவர் ஆடிய இடத்துக்கு டைட் எண்ட் என்று பெயர்; முன்வரிசையில் நின்று மோதவும் வேண்டும், ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்கவும் வேண்டும். அதுவரை மோதுபவர்களாகவே கருதப்பட்டவர்கள் பந்தோடு தொலைதூரம் ஓடவும் முடியும் என்று காட்டியவர் அவர். 1971 ஜனவரியில் நடந்த ஐந்தாம் சூப்பர் பௌலில், பலர் கைபட்டுத் திசைமாறிய பந்தைப் பிடித்து அவர் எடுத்த 75 கெஜப் புள்ளி இன்றும் காட்டப்படுகிறது.

அதற்கு முந்தைய ஆண்டு அவர் வீரர்கள் சங்கத்தின் தலைவரானார். காலம் முக்கியமானது. 1960-ல் தோன்றிய போட்டி லீக் ஒன்று ஆட்டக்காரர்களுக்காக ஏலப்போட்டி நடத்திக்கொண்டிருந்தது. ஜோ நேமத் என்ற இளைஞருக்கு 1965-ல் 4,27,000 டாலர் தந்தது. இரு லீகுகளும் 1966-ல் இணைய முடிவு செய்தபோது காங்கிரஸ் மீண்டும் விதிவிலக்கு அளித்தது. (சட்டத்தை நிறைவேற்ற உதவியவர்கள் லூசியானா மாநிலத்தின் தலைவர்கள், சில நாள்களில் அந்த மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸுக்குப் புதிய அணி ஒன்று கிடைத்தது. நம் நாட்டவர்க்கு விளக்கம் வேண்டியதில்லை.) 1970-ல் இணைப்பு நிறைவுற்றது. இனி எல்லாருக்கும் ஒரே முதலாளிக் கூட்டம்.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர் வேறு அணிக்குப் போகலாம் என்பது ஏட்டளவில் இருந்தது. அப்படிப் போனால் புதிய அணி பழைய அணிக்கு ஈடாக ஆட்டக்காரர்களையோ டிராஃப்ட் வாய்ப்புகளையோ தர வேண்டும். என்ன தர வேண்டும் என்பதை ஆணையர் தீர்மானிப்பார். 'ரோசெல் விதி' என்று அதற்குப் பெயர். விலை என்னவென்று முன்கூட்டியே தெரியாதபோது எவர் வாங்குவார்? 1963 முதல் 1974 வரை 176 பேர் தங்கள் ஒப்பந்தக் காலத்தை முடித்துக்கொண்டு வெளிவந்தார்கள். வேறு அணியில் இடம் கிடைத்தது 34 பேருக்கு. மேக்கியும் சக ஆட்டக்காரர்களும் வழக்குத் தொடுத்தார்கள். 'மேக்கி எதிர் தேசியக் கால்பந்து லீக்' என்ற அந்த வழக்கில் 1976-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ரோசெல் விதி சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்தபோது மேக்கி ஆட்டத்திலிருந்து ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வென்ற உரிமையை அடுத்த ஆண்டே சங்கம் கூட்டு ஒப்பந்தத்தில் பெரும்பகுதி விட்டுக்கொடுத்தது. 1987-ல் மீண்டும் வேலைநிறுத்தம் செய்தார்கள். உரிமையாளர்கள் மாற்று ஆட்டக்காரர்களை இறக்கி மூன்று வாரம் ஆட்டங்களை நடத்தினார்கள். வேலைநிறுத்தம் 24 நாளில் முறிந்தது. தொலைக்காட்சிப் பணம் சமமாகப் பங்கிடப்படும் இடத்தில் 28 முதலாளிகளின் ஒற்றுமையை உடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் இல்லை. பிறகு சங்கம் எடுத்த வழி விசித்திரமானது. தொழிற்சங்கம் இருக்கும்வரை அதனோடு செய்த ஒப்பந்தங்களுக்கு ஏகபோகத் தடைச் சட்டத்திலிருந்து பாதுகாப்பு உண்டு என்பது சட்டநிலை. ஆகவே 1989-ல் சங்கம் தான் தொழிற்சங்கமே அல்ல என்று அறிவித்துக்கொண்டு மீண்டும் நீதிமன்றம் போனது. 1992-ல் ஜூரி ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 1993-ல் உடன்படிக்கை வந்தது: ஆட்டக்காரர் அணி மாறலாம், பதிலுக்கு, எந்த அணியும் குறிப்பிட்ட தொகைக்கு மேல் சம்பளத்துக்குச் செலவிடக் கூடாது. அந்த வரம்பு 1994-ல் 3.46 கோடி டாலர், 2025-ல் 27.92 கோடி. பெரிய ஆட்டக்காரர்கள் எல்லாம் மாநகரங்களுக்குப் பறந்துவிடுவார்கள் என்று எச்சரித்தவர்கள் எதிர்பாராத ஒன்று நடந்தது. முதன்முதலில் அணி மாறிய மிகப் பெரிய பெயர் ரெஜி வைட். அவர் தேர்ந்தெடுத்தது கிரீன் பே.

அதே உடன்படிக்கையில் ஓர் உட்பிரிவு உண்டு. தன் ஆட்டக்காரர்களில் ஒருவரை மட்டும் ஓர் அணி அணிமாற விடாமல், நிர்ணயித்த உயர் சம்பளம் தந்து ஓராண்டு பிடித்து வைத்துக்கொள்ளலாம். அவ்வாறு கட்டப்பட்டவருக்கு 'ஃபிரான்சைஸ் ஆட்டக்காரர்' என்று பெயர். ஃபிரான்சைஸ் என்ற சொல்லின் வேர் பழைய பிரெஞ்சு மொழியின் 'ஃபிராங்க்', பொருள் 'சுதந்திரமான'. வேர்ச்சொல்லை வைத்து வாதம் செய்யக் கூடாது என்று மொழியியல் வகுப்பின் முதல் வாரத்திலேயே சொல்லித் தருவார்கள். வாதமாக இல்லை, ரசனைக்காகச் சொல்கிறேன்.

நம் ஐபிஎல் 2008-ல் இந்த அமைப்பிலிருந்து ஃபிரான்சைஸையும் சம்பள வரம்பையும் ஒளிபரப்பு வருவாய்ப் பகிர்வையும் எடுத்துக்கொண்டது. டிராஃப்ட்டை விட்டுவிட்டு ஏலத்தை வைத்துக்கொண்டது. 2023-27 காலத்துக்கான ஊடக உரிமை 48,390 கோடி ரூபாய்க்குப் போனது. 2025-க்கான ஏலத்தில் ஓர் அணியின் செலவு வரம்பு 120 கோடி. என்.எஃப்.எல்.லில் லீக் வருவாயில் 48 சதவீதத்துக்குக் குறையாமல் ஆட்டக்காரர்களுக்குப் போக வேண்டும் என்று கூட்டு ஒப்பந்தம் சொல்கிறது. இங்கே அப்படியொரு விகிதத்தைக் கேட்கும் இடத்தில் எவரும் இல்லை. 2019-ல் அமைக்கப்பட்ட இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வுபெற்றவர்களுக்கானது. தற்போது ஆடுபவர்களுக்குச் சங்கம் கிடையாது. ஏலம் அறமா என்று விவாதிக்கும் நாம் இதை விவாதிப்பதே இல்லை என்பது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

சம்பளக் கதை இதோடு ஓரளவு முடிகிறது. உடலின் கதை முடியவில்லை.

2002-ல் பிட்ஸ்பர்க்கில் மைக் வெப்ஸ்டர் 50 வயதில் இறந்தார். 17 பருவங்கள் முன்வரிசையின் நடுவில் நின்று மோதியவர்; நான்கு சூப்பர் பௌல் வென்றவர்; கடைசிக் காலத்தில் நினைவு குழம்பி, சில நாள்கள் தம் வண்டியிலேயே உறங்கியவர். பிணக்கூறு ஆய்வு செய்தவர் நைஜீரியாவில் பிறந்த மருத்துவர் பென்னட் ஒமாலு. வெப்ஸ்டரின் மூளையில் டௌ என்ற புரதம் படிந்திருப்பதைக் கண்டு 2005-ல் ஆய்விதழில் வெளியிட்டார். சி.டி.இ. எனப்படும் நாள்பட்ட மூளைச் சிதைவு. லீகின் மருத்துவக் குழுவினர் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற வேண்டும் என்று இதழுக்கு எழுதினார்கள்.

அந்தக் குழு 1994-ல் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் எலியட் பெல்மன் ஒரு மூட்டுவாத நோய் மருத்துவர். குழுவின் பெயர் 'மிதமான மூளைக் காயக் குழு'. ஆராயப் புகுமுன்பே முடிவைப் பெயரடையாக வைத்துக்கொண்ட குழு அது. களத்தின் பேச்சு வழக்கும் அதற்குத் துணை நின்றது: தலையில் அடிபட்டு நிலைதடுமாறியவரை 'மணி அடித்துவிட்டது' என்று சொல்வார்கள். அடிக்கப்பட்ட மணி சற்று நேரத்தில் ஓய்ந்துவிடும் அல்லவா? இதில் என்னை நிறுத்திய செய்தி வேறு. வெப்ஸ்டரின் மூளைப் பாதிப்பு ஆட்டத்தால் வந்ததே என்று ஆட்டக்காரர் ஓய்வூதிய வாரியம் 1999-லேயே ஏற்று உதவித்தொகை வழங்கியிருந்தது. உரிமையாளர்களின் பிரதிநிதிகளும் அமர்ந்திருக்கும் வாரியம். அந்த ஓய்வூதியத் திட்டத்தின் அலுவல் பெயர் 'பெர்ட் பெல் – பீட் ரோசெல் திட்டம்'. பணம் கொடுக்கும் மேசையில் ஏற்கப்பட்டது அறிவியல் மேசையில் மறுக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொடர்பை லீகின் அதிகாரி ஒருவர் பொதுவெளியில் ஒப்புக்கொண்டது 2016-ல்.

பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட கட்டுரையில், பரிசோதித்த 111 முன்னாள் என்.எஃப்.எல். ஆட்டக்காரர்களின் மூளைகளில் 110-ல் சி.டி.இ. இருந்தது. இந்த எண்ணைப் பலரும் தவறாகக் கையாள்கிறார்கள். அறிகுறிகளைக் கண்டு ஐயம் கொண்ட குடும்பங்களே பெரும்பாலும் மூளையைத் தானம் செய்தன. ஆகவே ஆட்டக்காரர்களில் 99 சதவீதத்தினருக்கு நோய் உண்டு என்று படிக்கக் கூடாது. ஆனால் அதே குழுவின் ஆய்வுகள் சொல்லும் மற்றொன்று இன்னும் அடிப்படையானது: மயக்கமுறச் செய்யும் பெரிய அடிகளின் எண்ணிக்கையை விட, ஆண்டுக்கணக்கில் சேரும் சிறிய மோதல்களே நோயோடு நெருங்கிய தொடர்புடையவை. ஒவ்வொரு முயற்சியிலும் முன்வரிசையில் நடக்கும் அந்த மோதல்கள்.

முன்னாள் ஆட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கில் தொடுத்த கூட்டு வழக்கு 2015-ல் உடன்பாட்டில் முடிந்தது. இழப்பீடு பெற அறிவாற்றல் சோதனைகளில் குறிப்பிட்ட அளவு வீழ்ச்சி தெரிய வேண்டும். வீழ்ச்சியை அளக்க, ஒருவர் நோய்க்கு முன் எங்கிருந்தார் என்ற ஒப்பீட்டு அளவு தேவை. அதற்கு மக்கள்தொகைவாரி அளவுகோல்கள் பயன்பட்டன. அவற்றுள் இனமும் ஒரு மாறி. கறுப்பினத்தவரின் தொடக்க நிலையே தாழ்ந்தது என்று கொண்டதால், ஒரே மதிப்பெண் பெற்ற இருவரில் வெள்ளையர் நோயாளி ஆவார், கறுப்பர் இயல்பானவர் ஆவார். லீகின் ஆட்டக்காரர்களில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். கெவின் ஹென்றி, நாஜே டேவன்போர்ட் என்ற இரு முன்னாள் ஆட்டக்காரர்கள் 2020-ல் வழக்குத் தொடுத்த பின்னரே இந்த நடைமுறை பொதுக் கவனத்துக்கு வந்தது. 2021-ல் அதைக் கைவிடுவதாக லீக் அறிவித்தது. மொழித் தேர்ச்சிச் சோதனைகளோடு வேலை செய்யும் நம்மில் பலர் 'நெறிப்படுத்திய மதிப்பெண்' என்ற நிரலை அட்டவணையில் பார்த்துக் கடந்துபோகிறோம். எவரை வைத்து நெறிப்படுத்தினார்கள் என்ற அடிக்குறிப்பைப் படிப்பவர் குறைவு.

மேக்கிக்கு அறுபது வயதை ஒட்டி மறதி நோய் வந்தது. முன்மூளைச் சிதைவால் வரும் வகை. அவருடைய ஓய்வூதியம் மாதம் 2,500 டாலருக்கும் குறைவு. பராமரிப்பு இல்லத்தின் செலவு அதைப்போலப் பல மடங்கு. மனைவி சில்வியா மருத்துவக் காப்பீட்டுக்காக ஐம்பதுகளின் நடுவில் விமானப் பணிப்பெண்ணாக வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அப்போதைய ஆணையர் பால் டாக்லியபூவுக்கு அவர் எழுதிய கடிதத்தின் விளைவாக 2007-ல் லீகும் சங்கமும் ஒரு திட்டம் கொண்டுவந்தன: மறதி நோயுற்ற முன்னாள் ஆட்டக்காரர்களின் பராமரிப்புக்கு ஆண்டுக்கு 88,000 டாலர் வரை. 88 மேக்கியின் சட்டை எண். திட்டத்தின் பெயரும் '88' தான். காரணம் ஆட்டமே என்று ஒப்புக்கொள்ளாமலேயே தொடங்கப்பட்ட திட்டம்.

2011-ல் கூட்டு ஒப்பந்தம் காலாவதியானது. மார்ச்சில் உரிமையாளர்கள் கதவடைப்பு அறிவித்தார்கள். கதவடைப்பு நீடிக்கையில், ஜூலை 6-ஆம் நாள், மேக்கி 69 வயதில் இறந்தார். அவருடைய மூளையும் பாஸ்டனுக்குப் போனது, அதிலும் சி.டி.இ. இருந்தது. அதே மாதம் 25-ஆம் நாள் உடன்பாடு எட்டப்பட்டது. பருவ காலத்தில் கவசங்கள் அணிந்து மோதும் பயிற்சிகள் 14-க்கு மேல் கூடாது என்று முதன்முறையாக அதில் எழுதினார்கள். மூத்தவர்களின் ஓய்வூதியத்துக்கும் கூடுதல் நிதி ஒதுக்கினார்கள். டிராஃப்ட்டில் வரும் புதியவர்களுக்குச் சம்பள அட்டவணை ஒன்றும் வைத்தார்கள். 2010-ல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். 2011-ல் முதலாவதாகத் தேர்வான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடி. அந்த அட்டவணை கட்டுப்படுத்தவிருந்த இளைஞர்கள் அப்போது கல்லூரிகளிலும் பள்ளிகளிலும் ஆடிக்கொண்டிருந்தார்கள். சங்கத்தில் அவர்களுக்கு வாக்கு இல்லை.